ஏழாவது கேள்வி

சீனத்துப் பிள்ளைகளுக்கென்று
யாரோ தயாரித்த ஆங்கிலத் தேர்வு.
எப்படியோ ஒரு பென்டிரைவில் ஏறி
திங்கள்சந்தைக்குப் பக்கத்தில்
எங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது.
கேட்டல் இருபது, வாசித்தல் இருபது.
தாளின் ஓரங்களில் அவர்கள் எழுத்து,
கூரையும் கதவும் வைத்த குட்டி வீடுகள் போல.
விடைப் பக்கம் மட்டும் வரவில்லை.
பரவாயில்லை என்றிருந்தேன்.
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவள்,
கேட்டால் தெரியாதா எனக்கு?

ஒவ்வொரு உரையாடலும் இரண்டு முறை ஒலிக்கும்
என்றாள் ஸ்பீக்கருக்குள் இருந்த பெண்.
தாராள மனசு.
மண்டைக்காடு பஸ்கூட எங்களுக்கு அப்படி வருவதில்லை.

"டீச்சர், இது நம்ம இங்கிலீஷ் மாதிரி இல்லியே"
என்றான் ஜெபின்.
யாருடையதும் இல்லை, எழுது என்றேன்.

மூன்றாவது கேள்வியின் நடுவில்
ரோட்டில் மீன்வண்டி ஹாரன்,
சாளே, நெத்தோலியே என்று ஒரு குரல்.
அதை மட்டும் நாற்பத்தொரு பேரும்
ஒரே தடவையில் புரிந்துகொண்டார்கள்.

ஏழாவது:
ஷியாவ்மின்னின் அப்பா
பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை?
ஏ, ரயில் தாமதம்.
பி, உடம்புக்கு முடியவில்லை.
சி, மறந்துவிட்டார்.

"என் அப்பா" என்பது வரை கேட்டது.
பிறகு மழை.
ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஓடிவந்து
தகரக் கூரைமேல் ஏறி
அந்தப் பெண்ணின் மீதி வாக்கியத்தை
மிதித்துத் துவைத்தது.
இரண்டாம் முறைக்கு வாயைத் திறந்தாள்,
கரண்டு போனது.

வாசித்தலில் குறை சொல்ல முடியாது.
உறைந்த ஏரியின் மேல் நடந்து
பள்ளிக்குப் போகும் பையனைப் பற்றிய பத்தி.
பனிக்கட்டியை ஐஸ்வண்டியில் மட்டுமே பார்த்தவர்கள்
அது எத்தனை அங்குலக் கனம் என்று
பிசகாமல் எழுதியிருந்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் கட்டைப் பிரித்தேன்.
ஏழாவதுக்கு
ரயில் தாமதம் பதினேழு பேர்.
ஆன்றோ ரெஞ்சின், அப்பா ஓமானில்,
போய் மூன்று வருஷம்: ரயில் தாமதம்.
அபிஷா: ரயில் தாமதம்.
(எவ்வளவு பேருக்கு உதவியிருக்கிறது
ஓடாத அந்த ஒரு ரயில்.)
உடம்புக்கு முடியாதவர்கள் ஒன்பது,
அதில் இரண்டு பேரின் அப்பாக்களை
மத்தியான நேரத்தில்
ஒயின்ஷாப் வளைவில் நானே பார்த்திருக்கிறேன்.
மறந்தவர்கள் பதினான்கு.
சுபின், சியைச் சுற்றி
வட்டமிட்டு வட்டமிட்டு
தாளைக் கிழித்துவிட்டிருந்தான்.

டெல்ஃபின் மேரி மூன்றையும் தொடவில்லை.
கீழே பென்சிலால் தானே ஒரு டி போட்டு
ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்,
அவர் வந்தார். கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.

முதல் வாக்கியம் இறந்தகாலம்,
அடுத்தது நிகழ்காலம்.
காலப் பிழை, அரை மதிப்பெண் குறைக்கலாம்.
சிவப்புப் பேனாவைத் திறந்தவள்
எதற்கென்று தெரியாமல் ஜன்னல் வழியே பார்த்தேன்.
வாட்ச்மேன் பாக்கியதாஸ்
சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.
வேறு யாரும் இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு
காதில் ஒயரைச் செருகிக்கொண்டு
ஏழாவதை ஓடவிட்டேன்.
மழை இல்லை, மீன்வண்டி இல்லை.
என் அப்பா மறந்துவிட்டார் என்றாள் ஷியாவ்மின்,
பேனாவை மறந்துவிட்டேன் என்பதுபோல,
இரண்டு முறை.

அவள் ஊரில் ஏதோ ஒரு வகுப்பில்
ஐம்பது பிள்ளைகள் இதைத் தெளிவாகக் கேட்டிருப்பார்கள்.
எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

மறுநாள் தாளைக் கொடுக்கும்போது சொன்னேன்,
ஏழாவது கேள்வி ரத்து,
கேட்டலுக்குப் பத்தொன்பதுதான்.
டெல்ஃபின் தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
மடித்து வைத்தாள்.

சுபின்தான் எழுந்து நின்றான்.
"டீச்சர், நான் போட்டது சரிதானே?
அது சிதானே?"

கிழிந்த இடத்தில்
நான் செல்லோடேப் ஒட்டியிருந்தேன்.
அதை அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

எனக்கும் கேக்கல்ல மக்கா என்றேன்,
நல்ல மழை.